இருவர் சேர்ந்து எழுதும் உரைநடை

எழுத்தாளர்களின் நேர்காணல்களை நாம் பொதுவாக இலக்கியக் கணக்கில் சேர்ப்பதில்லை. கதை, கவிதை, நாவல், கட்டுரை எல்லாம் போக மிஞ்சிய இடத்தில் அவற்றைச் செருகி வைக்கிறோம். புதிய நாவல் வந்தால் அதை எழுதியவரிடம் நாலு கேள்வி கேட்டுப் பக்கத்தை நிரப்புவது இதழ்களுக்கும் பழகிவிட்டது. அந்த நாலு கேள்விகளும் எல்லோருக்கும் ஒன்றுதான். எப்போது எழுதத் தொடங்கினீர்கள், யாருடைய பாதிப்பு உங்களிடம் உண்டு, இன்றைய இலக்கியம் எப்படி இருக்கிறது, இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள். பதில்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வரும். இவற்றைப் படித்துச் சலித்தவர்கள், நேர்காணல் என்பதே விளம்பரத்துக்கான ஏற்பாடு என்று முடிவுகட்டினால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனாலும் அந்த முடிவு தவறு. ஒழுங்காகச் செய்யப்பட்ட நேர்காணல் பேச்சின் நகல் அல்ல. கேட்பவரும் சொல்பவரும் சேர்ந்து எழுதித் திருத்திய உரைநடை. ஒரு நல்ல சிறுகதையை வாசிக்கும் கவனத்தோடு வாசிக்கத் தகுந்த வடிவம் அது. 1953 முதல் 'பாரிஸ் ரிவ்யூ' என்ற ஆங்கிலக் காலாண்டிதழ் வெளியிட்டுவரும் எழுத்தாளர் நேர்காணல்களைக் கொண்டே இதை நிறுவிவிடலாம்.

அமெரிக்க இளைஞர்கள் சிலர் பாரிஸில் தொடங்கிய இதழ் அது. ஜார்ஜ் பிளிம்ப்டன் தொடக்கத்திலிருந்து 2003இல் தாம் இறக்கும்வரை அதன் ஆசிரியராக இருந்தார். முதல் இதழின் நேர்காணல் இ.எம். ஃபார்ஸ்டருடையது, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் அவரைச் சந்தித்துக் கேட்டவர்கள் இருவர். ஒலிப்பதிவுக் கருவி கைவசம் இல்லாத நாட்கள் அவை. இரண்டு பேராகப் போவது, பதில்களை இருவரும் வேகவேகமாக எழுதிக்கொள்வது, பிறகு இரண்டு குறிப்புகளையும் ஒப்பிட்டு ஒரு பிரதியாக்குவது என்பதே வழக்கமாக இருந்தது என்று, 1958இல் வந்த முதல் தொகுப்பின் முன்னுரையில் மால்கம் கௌலி சொல்லியிருக்கிறார். அந்த ஃபார்ஸ்டர் நேர்காணல் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். புகழ்பெற்ற நாவல்களை விட்டுவிட்டு, அவர் முடிக்காமல் கைவிட்ட 'ஆர்க்டிக் சம்மர்' ஏன் நின்றுபோனது என்று கேட்கிறார்கள். கதை சுற்றியோ ஏறியோ துளைத்தோ கடந்தாக வேண்டிய மலைபோன்ற ஒரு பெரிய சம்பவம் முன்னால் நிற்க வேண்டும், அந்த நாவலில் அதைத் தாம் தீர்மானித்துக்கொள்ளவில்லை என்கிறார் ஃபார்ஸ்டர். 1924இல் வெளிவந்த 'எ பாஸேஜ் டு இந்தியா'வைத் தொடங்கும்போதோ, குகைகளில் முக்கியமான ஏதோ ஒன்று நடக்கும், நாவலின் மையம் அதுதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என்ன நடக்கும் என்பது மட்டும் தெரியவில்லை. குகைக்குள் உண்மையில் என்ன நடந்தது என்று வாசகர்களும் விமர்சகர்களும் மண்டையை உடைத்துக்கொண்ட நாவல் அது. எழுதியவரே அந்த இருட்டோடுதான் தொடங்கினார் என்று அறியும்போது, நாவலின் புதிர் வாசகனை மடக்கச் செய்த தந்திரமாகத் தெரிவதில்லை. அதன் பிறப்பிலேயே இருந்த குணமாகத் தெரிகிறது. நின்றுபோன நாவலைப் பற்றிய கேள்வி, நிலைத்த நாவலின் அடித்தளத்தைக் காட்டிவிட்டது. கேட்பவர்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்தவர்கள் என்பதால் மட்டுமே இப்படியொரு கேள்வி பிறக்க முடியும்.

அந்த இதழின் முறையைப் பலரும் ஏற்பதில்லை. உரையாடலை எழுத்தாக்கிய பிறகு அந்தப் பிரதியை எழுத்தாளரிடம் கொடுப்பார்கள். அவர் அடிக்கலாம், சேர்க்கலாம், மாற்றி எழுதலாம். பத்திரிகையாளர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள்; அரசியல்வாதியிடம் பேட்டி எடுத்து அவரையே திருத்தச் சொன்னால் என்ன மிஞ்சும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதிகாரத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்கும்போது வாய்தவறி வரும் சொல்லுக்கு மதிப்பு உண்டு, அதை அவர் அழிக்க விடக் கூடாது. ஆனால் எழுத்தாளரை நாம் கூப்பிட்டிருப்பது குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல அல்ல. ஒரு வாக்கியத்தைப் பத்து முறை மாற்றி எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவரிடம், முதலில் வாயில் வந்ததுதான் உம்முடைய உண்மை என்று சொல்வது அவருடைய தொழிலையே மறுப்பதாகும். நபொக்கோவ் இதை முற்றாக உணர்ந்திருந்தார். கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்பச் சொல்வார், பதில்களை எழுதியே தருவார். ஹெர்பர்ட் கோல்ட் அவரைக் காண மோந்த்ரோவிலுள்ள விடுதிக்குப் போனபோது, பதில்கள் அடங்கிய உறை அங்கே தயாராகக் காத்திருந்தது. கர்ட் வானகட்டின் 1977ஆம் ஆண்டு நேர்காணல், பல ஆண்டுகளில் எடுக்கப்பட்ட நான்கு உரையாடல்களை ஒன்றாக்கி, அவரே பெருமளவு திருத்தி எழுதியது. கார்சியா மார்க்கேஸ் எதிர்த் திசையிலிருந்து அதே இடத்துக்கு வருகிறார். ஒலிப்பதிவுக் கருவி ஓடுகிறது என்று தெரிந்த கணமே பேசுபவரின் தோரணை மாறிவிடுகிறது. குறிப்பே எடுக்காமல் நெடுநேரம் பேசிவிட்டு, பிறகு நினைவிலிருந்து எழுதுவதே நல்ல நேர்காணல் என்பது அவர் கருத்து. அவர் பத்திரிகையாளராகவே வளர்ந்தவர் என்பதை மறக்கக் கூடாது. ஒருவர் கருவியை நம்பவில்லை, இன்னொருவர் தம் நாக்கையே நம்பவில்லை. இருவரும் எழுத்தையே நம்பினார்கள்.

திருத்தினால் பேச்சின் உயிர் போய்விடாதா என்ற கவலைக்குப் பதில் போர்ஹேஸின் நேர்காணலில் இருக்கிறது. ரொனால்ட் கிறைஸ்ட் 1966இல் புவனஸ் அயர்ஸின் தேசிய நூலகத்தில் அவரைச் சந்தித்தார். அந்த நூலகத்தின் இயக்குநர் போர்ஹேஸ். பார்வை ஏறக்குறைய முழுக்கப் போயிருந்தது. உரையாடலின் நடுவே செயலாளர் வந்து, கேம்ப்பெல் என்றொருவர் காத்திருக்கிறார் என்கிறார். இதோ ஒரு நிமிடம் என்று போர்ஹேஸ் பேச்சைத் தொடர்கிறார். மறுபடி வருகிறார் செயலாளர், மறுபடி அதே கேம்ப்பெல். போர்ஹேஸ் அந்தப் பெயரை வைத்து ஒரு பழைய ஸ்காட்லாந்துப் பாட்டை நினைத்து விளையாடிவிட்டு, மீண்டும் பழைய ஆங்கிலக் கவிதைக்குள் போய்விடுகிறார். கறாரான பதிப்பாசிரியர் முதலில் வெட்டக்கூடிய இடம் இது. வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அதனால்தான் அந்த அறையும், வெளியே காத்திருக்கும் ஆளும், பேச்சில் மெய்ம்மறந்த பார்வையற்ற மனிதரும் நம் முன்னே நிற்கிறார்கள். உயிர் போகுமா நிற்குமா என்பது திருத்துவதால் முடிவாவதில்லை. எதைத் திருத்தாமல் விடவேண்டும் என்று தெரிந்த கையால் முடிவாகிறது.

இனி, எல்லாப் பேட்டிகளிலும் தவறாமல் வரும் பாதிப்புக் கேள்விக்கு வருவோம். நேராகக் கேட்டால் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் கிடைக்கும். 1958இல் பிளிம்ப்டன் கேட்டபோது ஹெமிங்வேயும் பட்டியல்தான் தந்தார். மார்க் ட்வைன், ஃப்ளாபர், துர்கனேவ், டால்ஸ்டாய், செகாவ் என்று போகிற அந்த வரிசையில் பாக், மொஸார்ட், கோயா, செஸான், வான்கோ என இசைக்காரர்களும் ஓவியர்களும் திடுமென நுழைகிறார்கள். எழுதுவது எப்படி என்பதை எழுத்தாளர்களிடம் கற்ற அளவுக்கு ஓவியர்களிடமும் கற்றேன் என்று அவர் சொல்வதால் அந்தப் பட்டியல் பிழைத்தது. மற்றவர்களிடம் இவ்வளவும் கிடைக்காது. பாதிப்பு என்பது நன்றிக்கடனாக வரிசைப்படுத்தக்கூடிய பெயர்கள் அல்ல என்பதே காரணம். அது ஒரு அனுமதி அல்லது ஒரு மறுப்பு. பொகோட்டாவில் மாணவராக இருந்தபோது நண்பர் கொடுத்த காஃப்காவின் 'உருமாற்றம்' நூலின் முதல் வரியிலேயே கட்டிலிலிருந்து விழப்பார்த்ததாக மார்க்கேஸ் சொல்கிறார். இப்படியெல்லாம் எழுதலாம் என்று அதுவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தன் பாட்டியும் நம்பமுடியாத சங்கதிகளை முகத்தில் சலனமே இல்லாமல் இப்படித்தான் சொல்வார் என்பதையும் அந்த உரையாடலில் அவர் சேர்த்துக்கொள்கிறார். பிராகின் யூத எழுத்தாளரும் கரீபியக் கரையின் மூதாட்டியும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்ற கண்டுபிடிப்பு எந்தப் பட்டியலிலும் அடங்காது.

சினுவா அச்செபேயிடம் அந்தப் பாதிப்பு மறுப்பாக வருகிறது. 1994இல் வெளியான நேர்காணலில் தம் பள்ளி நாட்களின் வாசிப்பை நினைவுகூர்கிறார். ஆப்பிரிக்காவுக்கு வந்த நல்ல வெள்ளைக்காரர்கள் காட்டுமிராண்டிகளிடம் சிக்கும் சாகசக் கதைகள் அவை. அவற்றைப் படித்த நைஜீரியச் சிறுவன், எந்தத் தயக்கமுமின்றி வெள்ளைக்காரர்களின் பக்கம் நின்றிருக்கிறான். தான் நிற்கவேண்டிய இடம் எதிர்ப்பக்கம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகுதான், வேட்டைக் கதையைச் சொல்லச் சிங்கங்களுக்கும் சரித்திரக்காரன் வேண்டும் என்ற பழமொழி அவருக்குப் பொருள்படுகிறது. தன்னை எழுத்தாளனாக்கிய புத்தகங்களில் மோசமான புத்தகங்களும் உண்டு என்று ஒருவர் இவ்வளவு தெளிவாகச் சொல்வது அரிது. உங்களைப் பாதித்த எழுத்தாளர்கள் யார் என்ற கேள்விக்குள் இந்தப் பதில் நுழையவே முடியாது. மரியாதைக்குரிய பெயர்களை எதிர்பார்த்தே அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. சிறுவயதில் நேசித்து, பின்பு யாரை எதிர்த்து எழுத நேர்ந்தது என்று அது கேட்பதில்லை.

எந்த நேரத்தில் எழுதுவீர்கள், எதில் எழுதுவீர்கள் என்ற கேள்விகள் வெறும் கிசுகிசு அல்லவா என்று இங்கே ஒருவர் மறுக்கலாம். பலர் கையில் அப்படித்தான் ஆகிறது. குற்றம் கேள்வியில் இல்லை. பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவும் அவசரமே குற்றம். டோனி மாரிசன் விடியுமுன் எழுந்து, இருட்டிலேயே காபி போட்டு, வெளிச்சம் வருவதைப் பார்த்தபடி குடிப்பார் என்பது தனியே ஒரு தகவல் மட்டும்தான். 1993ஆம் ஆண்டு நேர்காணலில் அந்தத் தகவலோடு பேச்சு நின்றுவிடவில்லை. குழந்தைகள் கண்விழித்து அம்மா என்று கூப்பிடுவதற்கு முன்னால் கிடைத்த நேரம் அது ஒன்றுதான் என்று அந்தப் பழக்கத்தின் வேருக்கு அவர் போகிறார். கட்டாயத்தால் தொடங்கிய பழக்கம் சடங்காக மாறி, எழுத்தின் வாசலாகிவிட்டதை அவரே சொல்லச் சொல்லக் கண்டுகொள்கிறார். அவருடைய நாவல்களில் தாய்மை ஏன் அன்பாகவும் சுமையாகவும் ஒருசேர வருகிறது என்று யோசிப்பவருக்கு இந்தக் காபிக் கோப்பை அற்ப விஷயம் அல்ல. ஹவானாவுக்கு அருகிலுள்ள வீட்டில் நின்றுகொண்டே எழுதிய ஹெமிங்வே, அன்றன்று எத்தனை சொல் எழுதினார் என்பதை ஓர் அட்டைப்பெட்டியின் பக்கத்தில் குறித்து வைத்திருந்தார் என்பதும் அப்படித்தான். அவ்வளவு கணக்குப் பார்த்த மனிதர், 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தி எழுதினேன் என்றார். சிக்கல் என்ன என்று கேட்டபோது, சொற்கள் சரியாக அமையவில்லை என்பதற்கு மேல் விளக்கவில்லை. எழுத்தாளர்கள் தங்களைப் பற்றி மிகைப்படுத்துவார்கள் என்று சந்தேகிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2012இல் அந்த நாவலின் புதிய பதிப்பு வந்தபோது, கைப்பிரதிகளில் கிடைத்த 47 மாற்று முடிவுகள் அதில் அச்சாயின.

மிகப் பெரிய ஆட்சேபம் இன்னும் மிச்சமிருக்கிறது. புத்தகமே போதாதா, எழுதியவரை எதற்கு விசாரிக்க வேண்டும்? எலெனா ஃபெரான்டே தம் வாழ்நாள் முழுவதையும் இந்தக் கேள்வியின் மேல் கட்டியவர். முகத்தையும் பெயரையும் மறைத்துக்கொண்டு, நூல் தன் காலில் நிற்கட்டும் என்றார். அவர்கூட 2015இல் தம் பதிப்பாளர்கள் கேட்ட கேள்விகளுக்கு 'பாரிஸ் ரிவ்யூ'வில் நீண்ட பதில்கள் சொல்லியிருக்கிறார். முகத்தைத் தராமலே எழுத்தின் தொழிலைப் பேசமுடியும் என்று அதில் நிரூபணமாகிறது. படைப்பின் பொருள் இதுதான் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை எழுத்தாளருக்கு இல்லை என்பதை நானும் ஏற்கிறேன். அவர் நீதிபதி அல்லர், சாட்சி. படைப்பு உருவான இடத்தில் இருந்த ஒரே சாட்சி. 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி' ஒரு மனச்சித்திரத்திலிருந்து பிறந்தது என்று ஃபாக்னர் 1956இல் ஜீன் ஸ்டைனிடம் சொன்னார். பேரிமரத்தில் ஏறி, ஜன்னல் வழியே பாட்டியின் சாவு வீட்டைப் பார்க்கும் சிறுமி. கீழே நிற்கும் சகோதரர்களுக்கு அவளுடைய சேறுபடிந்த உள்ளாடை தெரிகிறது. அதை ஒருவன் வாயால் சொல்லிப் பார்த்து, போதாமல் இன்னொருவன், பிறகு மூன்றாமவன், கடைசியில் தாமே என்று நான்கு முறை சொல்ல நேர்ந்தது என்கிறார். இது அந்த நாவலை விளக்கிவிடவில்லை. நான்கு பகுதிகளும் வடிவச் சோதனைக்காக வந்தவை அல்ல, நான்கு தோல்விகளாக வந்தவை என்று தெரிந்தபின், அதே நாவலை வேறு கண்ணோடு திரும்பப் படிக்கிறோம். வாசிப்பை முடித்துவைக்கும் நேர்காணல் கெட்டது. மறுவாசிப்புக்கு அனுப்புவது நல்லது.

தமிழில் இந்த வடிவத்துக்கு ஆட்கள் இல்லாமல் போகவில்லை. கோமல் சுவாமிநாதன் தொண்ணூறுகளின் முற்பகுதியில் நடத்திய 'சுபமங்களா' நீண்ட நேர்காணல்களுக்கு இதழின் முக்கியமான பக்கங்களைத் தந்தது. 'காலச்சுவடு' அதைத் தொடர்ந்தது. அ. முத்துலிங்கம் அயல்நாட்டு எழுத்தாளர்களைத் தேடிப்போய்ப் பேசியவற்றை 'வியத்தலும் இலமே' என்ற நூலாக்கினார். கதைசொல்லி ஒருவர் கேள்வி கேட்டால் கேள்விக்கும் ஒரு கதைநடை வந்துவிடும் என்பதற்கு அந்நூல் சான்று. இன்று ஒரு மணிநேரக் காணொளிப் பேட்டிகள் நிறைய வருகின்றன. பேச்சு அப்படியே கிடைப்பதை நேர்மை என்று நினைக்கிறோம். அந்த ஒரு மணிநேரத்தை எழுத்தாக்கி, எழுத்தாளரிடம் கொடுத்துத் திருத்தி, மறுபடி கேட்டு, பதினைந்து பக்கமாகச் செறிவாக்கும் உழைப்புதான் காணவில்லை. இதழ் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓர் ஆண்டுக்கு இரண்டே இரண்டு நேர்காணல்கள் போடுங்கள். கேட்கப் போகிறவர் எழுத்தாளரின் கைவிட்ட முயற்சிகள் உட்பட அனைத்தையும் படித்துவிட்டுப் போகட்டும். கைப்பிரதியின் ஒரு பக்கத்தை அடித்தல் திருத்தலோடு வாங்கி, 'பாரிஸ் ரிவ்யூ' செய்வதுபோல, நேர்காணலுடன் அச்சிடுங்கள்.