பெயரின்மையும் பேரேடும்: தொகுதிச்சங்கிலிக் கோப்புப் பகிர்வு குறித்து ஒரு மதிப்பீடு

பிளாக்செயின் எனப்படும் தொகுதிச்சங்கிலி வழியாகப் பகிரப்படும் கோப்பை எவராலும் அழிக்க இயலாது. பகிர்ந்தவரையும் எவராலும் அறிய இயலாது என்பர் இத்தொழில்நுட்பத்தைப் போற்றுவோர். இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று தாங்குவனபோல் தோன்றினும், உண்மையில் முரண்படுவன என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஃப்ரீநெட், அனுப்பியவர் யார், பெற்றவர் யார் என்பது வெளிப்படாதவாறு கோப்புகளைப் பகிரும் நோக்கில் உருவாக்கப்பட்டது. அதில் பொதுப் பேரேடு இல்லை. தொகுதிச்சங்கிலியோ ஒவ்வொரு பதிவையும் அனைவரும் காண நிலைநிறுத்துவது. சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008இல் வெளிவந்த பிட்காயின் கட்டுரையே, ஒரு பரிமாற்றத்தில் பல உள்ளீடுகள் சேருங்கால் அவை ஒருவருக்கே உரியவை என்பது வெளிப்பட்டுவிடும் என ஒப்புக்கொள்கிறது. ஆகவே இங்குள்ளது பெயரின்மை அன்று, புனைபெயர். இவ்வேறுபாட்டைத் தமிழாய்வாளர்க்கு விளக்க வேண்டியதில்லை.

அழியாமை பற்றிய கூற்றும் ஆராயத்தக்கது. எல்.பி.ஆர்.ஒய். என்றெழுதி 'லைப்ரரி' என ஒலிக்கப்பெறும் அமெரிக்க அமைப்பை எடுத்துக்கொள்வோம். இதில் கோப்பின் முகவரி அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணித்துப் பெறப்படுகிறது. செம்புலப்பெயனீரார் தம் பாடலின் தொடராலேயே பெயர் பெற்றதைப் போல. ஓர் எழுத்து மாறினும் முகவரி மாறிவிடும். பாடவேறுபாடு ஆராய்வோர் பொறாமை கொள்ளத்தக்க ஏற்பாடு இது! எனினும் சங்கிலியில் ஏறுவன தலைப்பு, விளக்கம் முதலிய குறிப்புகளே. கோப்போ துண்டுகளாகப் பிரிந்து பிறர் கணினிகளில் தங்குகிறது. அவற்றைப் பேணுவார் இல்லையெனில், நூலில்லாத நூலகத்தின் அட்டவணையே எஞ்சும்.

மையமில்லை எனப்பட்ட இவ்வமைப்புக்கும் ஒரு நிறுவனம் இருந்தது. அது தன் நாணயங்களைப் பதிவு செய்யாது விற்றதாக அமெரிக்கப் பங்கு பரிவர்த்தனை ஆணையம் 2021இல் வழக்குத் தொடுத்தது. 2022 நவம்பரில் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2023இல் விதிக்கப்பட்ட தண்டம் 1,11,614 டாலர்தான். ஆயினும் அவ்வாண்டே நிறுவனம் தன் மூடலை அறிவித்தது. வலையமைப்பு அத்துடன் மறைந்துவிடவில்லை என்பதையும் குறிப்பிடல் வேண்டும்.

நம் நோக்கில் இதனினும் முக்கியமானது பொறுப்பு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், மின்னூல்களில் உள்ளிட்டோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்களைத் தாங்கி வருகிறது. பிழை காணின் யாரிடம் உசாவுவது என்பது தெரியும். பெயர் மறைத்துச் சங்கிலியில் ஏற்றப்பெற்ற பிழைபட்ட பதிப்பைப் பிறரொருவர் திருத்தினால், திருத்தத்திற்கு வேறொரு முகவரி கிடைக்கும். பழையதன் பதிவும் அதனருகிலேயே நிற்கும்.