தலைநகரில் உண்டி: மதுரையும் புகாரும்

பழந்தமிழர் வாழ்வியலை ஆராயப் புகுந்தோர் பலரும் மதுரைக்காஞ்சியில் வரும் அங்காடிப் பகுதியை எடுத்துக்காட்டி, சங்க காலத்திலேயே தமிழகத் தலைநகரங்களில் உணவு விடுதிகள் இருந்தன என்று முடிவு கூறிச் செல்வர். அம்முடிவை மறுப்பது எம் நோக்கமன்று. ஆயினும் பாட்டினை வரலாற்றுச் சான்றாக மட்டும் கொள்ளும்பொழுது, அப்பாட்டு எதனைச் சொல்லாது விட்டது என்பது கண்ணிற்படாமற் போகின்றது. பல மொழியினரும் பல சமயத்தினரும் கூடி வாழ்ந்த நகரங்களில், தம் இல்லம் அல்லாத இடத்தில் மக்கள் உண்டதைப் புலவர்கள் பாடியிருக்கின்றனர். பாடுங்கால், சோற்றைப் பற்றிய இடத்தில் மட்டும் அவர்தம் சொல் சற்றே தயங்குகின்றது. அத்தயக்கமே ஈண்டு எம் ஆராய்ச்சிப் பொருள்.

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளை உடையது. பத்துப்பாட்டுள் மிக நீண்டது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமை உணர்த்த எழுந்த அப்பாட்டில், நிலையாமைக்கு நேர்மாறான நகர வாழ்வின் நிறைவு விரிவாகப் பேசப்படுகின்றது. பௌத்தர் பள்ளியும் அந்தணர் பள்ளியும் அமணர் பள்ளியும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பகற்கடையாகிய நாளங்காடி தனியாகவும், மாலைக்கடையாகிய அல்லங்காடி தனியாகவும் காட்டப்படுகின்றன. அல்லங்காடியின் ஆரவாரத்திற்குப் புலவர் கூறும் உவமை, கடற்கரையில் பல்வேறு பறவைகள் எழுப்பும் ஒலி. பலவகை மாந்தரின் குரல்கள் ஒன்றாகாமல் கலந்து ஒலிக்கும் நகரத்திற்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது.

இவ்வங்காடிப் பகுதியில் உணவு இரண்டு இடங்களில் வருகின்றது. நாளங்காடியில் பலவகைப் பண்ணியங்களை ஏந்தித் திரிவோர், மலைபோன்ற மாடங்களின் நிழலில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களைப் புலவர் ‘விலைஞர்’ என்றே சுட்டுகின்றார். பண்ணியம் என்பதற்குப் பண்டம் என்னும் பொதுப்பொருளும் உண்டு. தின்பண்டம் என்னும் பொருளும் உண்டு. எப்பொருள் கொள்ளினும் அவர்கள் விற்போர் என்பதில் ஐயமில்லை. அடுத்த இடத்தில் பலாச்சுளை, மாங்கனி, பிற காய்கனிகள், இளந்தளிர்க் கீரை, இனிய கடிகை, பிறர் புகழும்படி சமைத்த ஊன்சோறு, கிழங்கு ஆகியன அடுக்கிக் கூறப்படுகின்றன. இனிய சோற்றைத் தருவோரிடத்து மக்கள் பலவிடங்களிலும் நுகர்கின்றனர். இங்கே ஆளப்பட்ட சொல் ‘தருநர்’ என்பது. விலைக்குத் தந்தனரா, அறமாகத் தந்தனரா? பாட்டு வாய் திறவவில்லை.

யாப்பு நோக்கி அச்சொல் வந்தது எனக் கூறித் தப்பிவிடுதல் எளிது. ஆயின் தருநர் நின்ற இடத்தில் பகர்நர் என்னும் சொல்லும் சீர் கெடாமல் நிற்கும். இரண்டும் நிரைநேர் அசைகளே. அன்றியும், சில அடிகளுக்கு முன்னர்த் துணி விற்போரைக் குறிக்குமிடத்து இப்புலவரே பகர்நர் என்னும் சொல்லை ஆண்டிருக்கின்றார். துணியைப் பகர்ந்தனர், சோற்றைத் தந்தனர். ஒரே அங்காடியில், ஒரே புலவர் வாக்கில் இவ்வேறுபாடு தற்செயலாக அமைந்தது என்று யாம் கருதவில்லை.

ஈண்டுத் தொல்காப்பிய எச்சவியல் நினைக்கத்தக்கது. ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா என்பது ஒப்போன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று என ஆசிரியர் வகுத்துள்ளார். அவ்விதி இரப்போர் கூற்றைப் பற்றியது. தருவோர் பெயருக்கு அதனை அப்படியே பொருத்துதல் ஆகாது. எனினும் ஈகை என்னும் சொல்லின் வேர் இழிந்தோன் வேண்டுகோளில் இருப்பதும், தருநர் என்பதன் வேர் ஒப்போன் வேண்டுகோளில் இருப்பதும் கவனிக்கற்பாலன. கையேந்துவோனாகவும் அல்லாமல், விலை பேசுவோனாகவும் அல்லாமல், நிகரான ஒருவனாக நின்று நகரத்தில் உண்பவனுக்கு மருதனார் இடம் வைத்தார் போலும். புகழ்படச் சமைத்தல் என்னும் குறிப்பும் இவ்விருதலையிலேயே நிற்கின்றது. புகழ் ஈவோனுக்கும் வேண்டுவது. கடை வைத்தவனுக்கும் வேண்டுவது.

விருந்து என்னும் சொல்லின் முதற்பொருள் புதுமை என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். புதிதாய் வந்தவனே விருந்தினன். சிற்றூரில் ஒருவன் புதியனாய் வரின் ஒரு மனை அவனை ஏற்கும். தலைநகரிலோ எதிர்ப்படுவோர் அனைவரும் புதியர். எல்லாரும் புதியராயின், விருந்தென்னும் அறம் எவ்வாறு நடைபெறும்? இவ்வினாவை எந்தப் புலவரும் வெளிப்படையாகக் கேட்டிலர். ஆயின் புகாரைப் பாடியவரும் மதுரையைப் பாடியவரும் அதனை உள்ளத்தில் வைத்தே பாடினர் எனத் தோன்றுகின்றது.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை 301 அடிகளால் ஆயது. வடமலைப் பொன்னும், குடமலைச் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்தும், கீழ்க்கடற் பவளமும், ஈழத்து உணவும், காழகத்துப் பொருளும் வந்து குவியும் புகார்த் தெருக்களில், பல மொழி பேசும் நாடுகளிலிருந்து பெயர்ந்து வந்தோர் கலந்து உறைகின்றனர். இவ்வூரில் அறம் நிலைபெற்ற பெரிய அட்டிற்சாலை ஒன்றைப் புலவர் முதற்கண் காட்டுகின்றார். சோறு வடித்த கஞ்சி ஆறுபோல் தெருவில் ஓடுகின்றது. எருதுகள் பொருதலால் சேறாகின்றது. தேர்கள் ஓடலால் துகளாகின்றது. அத்துகள் ஓவியம் தீட்டிய வெண்மாடங்களை மாசுபடுத்துகின்றது. இப்பகுதியைப் புலவரின் கற்பனைத் திறனுக்குச் சான்றாகப் பாராட்டாத உரைநூல் இல்லை. எமக்கு வியப்பைத் தருவது பிறிதொன்று. இத்துணை விரிந்த காட்சியில் உண்பவன் ஒருவனும் இல்லை! கஞ்சி இருக்கின்றது, எருது இருக்கின்றது, தேர் இருக்கின்றது. சோற்றை வாங்கிய கைகள் இல்லை. இடுவோனின் பெருமை நோக்கி எழுந்த பாட்டாதலின் பெறுவோன் மறைந்துபோனான்.

விலை என்னும் எண்ணம் புகாரில் வெளிப்படையாக எழுமிடம் கள்ளுக்கடை. மீனையும் ஊனையும் அறுத்துப் பொரிக்கும் ஓசை நிறைந்த முன்றில், பரப்பிய மணல், தூவிய மலர், கள் விற்பதை அறிவிக்கும் கொடி என அக்காட்சி ஒரு கடையின் முகப்பாகவே அமைந்துள்ளது. நொடை என்னும் சொல்லை, அதாவது விலை என்பதை, புலவர் இங்கே தயங்காமல் ஆள்கின்றார். ஏறத்தாழ இருபது அடிகள் கழித்து, அதே நகரில் வலைஞர் முன்றிலில் மீன்கள் அச்சமின்றிப் பிறழ்கின்றன. ஊன் விற்போர் குடிசையருகே விலங்குகள் கூடுகின்றன. கொலை கடிந்து வாழ்வோர் பேசப்படுகின்றனர். முன்னது உண்மை, பின்னது புனைந்துரை என்று சிலர் அமைதி கூறுவர். அஃது எமக்கு உடன்பாடன்று. ஒரு தெருவில் ஊன் பொரியும். மறு தெருவில் கொலை கடியப்படும். இரண்டும் உண்மையாக இருத்தலே பன்மாந்தர் வாழும் நகரத்தின் இயல்பு. புலவர் அவற்றை இணைத்துவைக்க முயலாது அடுத்தடுத்து வைத்தமையே அவர்தம் நேர்மை.

அயல்நாட்டார் புகாரில் என்ன உண்டனர் என்பதைப் பட்டினப்பாலை கூறவில்லை. தலைநகர் அல்லாத அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு வீலர் நடத்திய அகழாய்வில் உரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவ்வகைச் சாடிகள் மதுவும் ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் கொண்டுவரப் பயன்பட்டவை. புறநானூற்று 56ஆம் பாட்டில் யவனர் கொணர்ந்த மது பாண்டியன் நன்மாறனின் பொற்கலத்திற்கு வந்துவிடுகின்றது. தெருக்கடைக்கு வந்ததாக இப்பாட்டுகளில் யாம் காணவில்லை.

பட்டினப்பாலை மறைத்த உண்போனை முன்னே கொண்டுவந்து நிறுத்தியது மணிமேகலை. கண்ணற்றார், செவியற்றார், முடவர், பேணுவார் இல்லாதார் எனப் பெறுவோர் பெயர் சுட்டப்படுகின்றனர், யானைத்தீ என்னும் தீராப் பசியால் வருந்திய காயசண்டிகை அமுதசுரபியின் உணவால் நோய் நீங்குகின்றாள், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகின்றது. சாத்தனார் கொள்கை தெளிவானது. தெளிவானதாலேயே அங்கே சொல் தயங்கவில்லை. சோறு விலைக்குரியதன்று. காப்பிய நயம் வேறு, அறவுரை வேறு என்பாரோடு இங்கே வழக்காட விரும்பவில்லை. எம் பொருளுக்கு மருதனாரின் ஒரு சொல் சாத்தனாரின் ஒரு காதையினும் மிகுதியாகப் பேசுகின்றது.

இனி, கூவியரைப் பற்றி. கூவியர் என்போர் அப்பம் சுடும் வாணிகர். காஞ்சியைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையிலும் அவர்தம் பாகிட்ட அப்பம் உவமையாய் வருகின்றது. சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் அவர்களைப் பிட்டு வாணிகராகிய காழியரோடும், கள் விற்கும் பெண்டிரோடும், மீன் விற்கும் பரதவரோடும் ஒருங்கு நிறுத்துகின்றது. மதுரைக்காஞ்சியில் அவர்கள் தோன்றுவது முதல் யாமம் கழிந்த பின்னர். விலை கூறும் நெடுங்கடைகள் அடைக்கப்பட்டுவிட்டன, சங்கொலி அடங்கிவிட்டது. தேனிறால் போன்ற மெல்லடையும், பருப்பும் தேங்காயும் உள்ளீடாக உடையதென நச்சினார்க்கினியர் கொள்ளும் மோதகமும் வைத்துக்கொண்டு, கூவியர் இருந்தவாறே தூங்கி விழுகின்றனர். பிறர் கடையடைத்துச் சென்றபின்னும் இவர்கள் செல்லவில்லை. இரவில் பசித்து வரும் யாரோ ஒருவனை நோக்கி விழித்திருக்க முயன்று தோற்கின்றனர். மதுரையின் செல்வத்தைச் சொல்லவந்த பாட்டில் உழைப்பின் அயர்வு இவ்வாறு ஓரடியில் வந்துபோகின்றது.

இதே கூவியர் சிலப்பதிகாரத்தில் மதுரையின் வாயிலாகவே ஆகின்றனர். புறஞ்சேரி இறுத்த காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நகரைக் காணுமுன்னர், அதன் மணத்தை நுகர்கின்றனர். தென்றல் கொண்டுவரும் மணங்களுள் அட்டிற் புகை உண்டு; அகன்ற அங்காடியில் ஓயாது வேலை செய்யும் கூவியரின் மோதகப் புகை உண்டு; மாடங்களில் மைந்தரும் மகளிரும் எடுத்த நறும்புகை உண்டு; வேள்விப் புகையும் உண்டு. மனை, கடை, மாடம், வேள்விச்சாலை என்னும் நான்கும் காற்றில் கலந்துவிடுகின்றன. நிலத்தில் ஒன்றாகாதவை புகையில் ஒன்றாகின்றன என்று கூறலாம். நடந்து களைத்த மூவருக்கு மதுரை முதலில் உணவாய்த் தோன்றியது. ஆயின் உணவின் புகையாய் மட்டுமே.

அடுத்த காதையில் கோவலன் நகருட் சென்று மணிக்கடை, பொற்கடை, துணிக்கடை, கூலக்கடை அனைத்தும் கண்டு மீள்கின்றான். அங்கே அவன் எதனையேனும் உண்டதாக இளங்கோவடிகள் கூறிலர். அவன் உண்பது மாதரி அளித்த சிறுமனையில், கண்ணகி கையால். காரணத்தையும் மாதரி வாயிலாகவே அடிகள் சொல்லிவிடுகின்றார்: அவன் சாவக நோன்பி, பகற்பொழுதில் அமைந்த அடிசில் உண்ண வேண்டியவன். ஆயர் மகளிர் சமைத்ததனைத் தரவில்லை. சமைப்பதற்குரிய கலங்களையும், பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலியரிசி, பால்படுபொருள்கள் ஆகியவற்றையும் தருகின்றனர். ஊட்ட விரும்பும் அன்பும், பிறர் நோன்பை மதிக்கும் நாகரிகமும் ஒருங்கே நிறைவேறும் வழி இதுவே. வேறு சமயத்தானுக்கு விருந்து செய்தல் எவ்வாறு என்பதற்கு, ஏடறியா ஆய்ச்சியர் கண்ட விடை என இதனைப் போற்றலாம். உரையாளர் இதனைச் சமய ஒழுக்கச் செய்தியாகக் கூறி அமைவர். காப்பியப் போக்கில் இதன் இன்றியமையாமையை எடுத்துரைத்தல் வேண்டும். வழியுணவை வாங்கி உண்ணும் வணிகனாகக் கோவலன் இருந்திருப்பின் கொலைக்களக் காதையின் முற்பகுதியே எழுந்திராது.

கண்ணகி காய் அரிகின்றாள், விரல் சிவக்கின்றது, முகம் வியர்க்கின்றது, அடுப்புப் புகையில் கண்கள் சிவக்கின்றன. தென்றலில் இனிய மணமாய் வந்த புகை இங்கே கண்ணைக் கரிக்கும் புகையாகின்றது. ஓலைத் தவிசில் அமர்ந்த கணவனுக்கு வாழைக் குருத்தை விரித்துப் படைக்கின்றாள். உண்டபின் வெற்றிலைபாக்கு அளிக்கின்றாள். அதன்பின் நிகழும் உரையாடலில்தான், அவன் பிரிந்திருந்த காலத்துத் தான் இழந்தவற்றை அவள் எடுத்துரைக்கின்றாள். அறவோர்க்கு அளித்தல், அந்தணரைப் பேணல், துறவோரை எதிர்கொள்ளல் என வந்து, விருந்தெதிர்கொள்ளலில் அவ்வரிசை முடிகின்றது. புகாரில் பெருமனை இருந்தும் விருந்தோம்ப இயலாதிருந்தவள், மதுரையில் தானே பிறர்மனை விருந்தாக இருந்து, பிறர் தந்த அரிசியைத் தன் கணவனுக்கு அட்டுப் படைத்தபின் இதனைச் சொல்கின்றாள். விலையும் அறமும் எனத் தலைநகரப் பாட்டுகளில் இருவேறாய் நின்ற வெளியூண், இங்கே மூன்றாவதொரு நிலையை எய்துகின்றது: பிறர் பொருள், தன் உழைப்பு.

அவள் சொல்லக் கேட்ட கோவலன் எழுந்து, சிலம்பொன்றைக் கைக்கொண்டு மீண்டும் நகருட் புகுகின்றான். இம்முறை அவன் சென்றது கடைவீதியைக் காண்பதற்கு அன்று, விலை பேசுவதற்கு.