ஒலிபெருக்கியும் இசைச்சுவையும்

இசையின் சுவை பாடுவோரின் மிடற்றிலும் கருவியின் நாதத்திலும் மாத்திரம் தங்கியிருப்பதன்று. அவ்விசை கேட்போர் செவியை அடையும் வழியிலும் தங்கியுள்ளது. ஒலிவாங்கி வழக்கிற்கு வருமுன் அவ்வழியை அமைத்தது பாடகரின் குரலே. 1933 இல் மறைந்த நாடகக் கலைஞர் எஸ். ஜி. கிட்டப்பா உச்சச் சுருதியிற் பாடிப் புகழ்பெற்றமைக்கு அவர்தம் குரல்வளம் ஒரு காரணம். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் பாட்டு எட்டவேண்டியிருந்தமை மற்றொரு காரணம் எனலாம். ஒலிவாங்கி வந்தபின் தாழ்ந்த சுருதியும் நுண்ணிய கமகமும் பேரவைகளிலும் கேட்கத்தக்கனவாயின. ஆதலின் ஒலிபெருக்கியை இசையின் பகையெனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், எது பெருக்கப்படுகின்றது, எவ்வளவு பெருக்கப்படுகின்றது என்னும் வினாக்கள் இசைத் திறனாய்வுக்கு உரியனவேயாம்.

இவ்வினாக்களின் இன்றியமையாமையை மலையகத்தில் தெளிவாகக் காணலாம். வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே புகையிரதப் பாதையோரம் அமைந்த றொசல்ல போன்ற தேயிலைப் பகுதிகளிற் சமதரை அரிது. லயங்கள் ஒரு சரிவிலும் ஆடுகளம் மறுசரிவிலும் அமைதல் கூடும். மாசி மாதத்திற் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்து இம்மக்களின் தலையாய கலைகளுள் ஒன்று. மதனையும் ரதியையும் பற்றிய அக்கூத்தில் தப்பு வெறும் பக்கவாத்தியமன்று. ஆட்டத்தை நடத்துவதே அதன் அடிதான்.

திறந்த வெளி விழாக்களில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது கூம்பு வடிவ ஒலிபெருக்கி. சிறிது மின்வலுவைக் கொண்டு பேரொலி எழுப்புதல் அதன் சிறப்பு. ஆயின், பேச்சொலிக்கு ஏற்ற இடைப்பட்ட அதிர்வுகளையே அது நன்கு வெளிப்படுத்தும். செக்கனுக்கு ஏறத்தாழ 300 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகள் அதில் நலிவுறும். தோலைத் தீயிற் காய்ச்சிப் பதம் பார்க்கும் தப்புக் கலைஞரின் உழைப்பால் விளையும் கனத்த நாதம் மறைய, வறண்ட ஓசையொன்றே எஞ்சுகின்றது.

இதனினும் பெரிய கேடு தாளத்திற்கு நேர்கின்றது. ஒலிவாங்கியைப் பாடகர் கையில் மாத்திரம் கொடுத்து, 170 மீற்றருக்கு அப்பால் லயத்தருகே ஒலிபெருக்கியைக் கட்டுவதாகக் கொள்வோம். பாட்டு மின்கம்பி வழியே கணப்பொழுதிற் சென்றடையும். தப்பொலியோ காற்றின் வழியே செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் வேகத்திற் செல்வதால் அரைச் செக்கன் பிந்தியே சேரும். லயத்திலிருந்து கேட்கும் முதியோர் பாடகர் தாளம் தப்பினார் என்றே எண்ணுவர். பிழை பாடகருடையதன்று, கலைஞரைப் பழிக்குமுன் கருவி அமைப்பை ஆராய்தல் திறனாய்வாளர் கடன்.

பல ஒலிகளை அளவறிந்து கலத்தலும் ஒரு கலையே. தமிழ்த் திரையிசைப் பதிவுகளிற் குரல் முன்னிற்றல் பெருவழக்கு. அப்பாடல்களிற் பழகிய செவி கூத்திலும் அதே கலவையை விரும்புதல் இயல்பு. ஆனால் திரைப்பாடலுக்குப் பொருந்தும் அளவு கூத்திற்குப் பொருந்தாது. ரதி புலம்புமிடத்துச் சொல் தெளிவுறல் வேண்டும். மதன் எரியுமிடத்துத் தப்பு மேலோங்கல் வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாது ஒரே அளவில் ஒலிப்பிப்போர், கூத்தின் மெய்ப்பாடுகளையும் ஒன்றாக்கி விடுகின்றனர்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பாவனையை இலங்கை உயர் நீதிமன்றம் 2007 இற் கட்டுப்படுத்தியது; சிறப்பு நிகழ்ச்சிகளுக்குத் தனி அனுமதி வேண்டும். இரவெல்லாம் ஆடும் கூத்திற்கு இது இடையூறு போலத் தோன்றினும், உரத்த ஒலியே இன்பம் என்னும் மயக்கத்தை நீக்கும் வாய்ப்புமாகும். தப்பிற்குச் சற்றுத் தொலைவில் தனி ஒலிவாங்கி வைத்தல், கனத்த நாதத்தைத் தாங்கும் பெட்டிகளை ஆடுகளத்தருகே அமைத்தல், தொலைவில் ஒலிபெருக்கி வேண்டின் அதன் ஒலியை மின்கருவியால் உரிய அளவு தாமதப்படுத்தல், ஒலியமைப்போர் கேட்போர் நடுவே அமர்ந்து பணிசெய்தல் ஆகியன அரிய செயல்களல்ல. ஒலியமைப்போரும் கூத்தை முற்றக் கற்றவராயிருத்தல் வேண்டும். அவ்வாறாயின், களத்தில் நிற்போர் பெறும் இன்பத்தை மறுசரிவில் இருப்போரும் குறைவின்றிப் பெறுவர்.