பிணியும் பெயரும்: விவிலியத் தமிழும் குடியாத்தம் வட்டாரத் திருச்சபை வாழ்வும்

முன்னுரை

நோயுற்றாரையும் உறுப்புக் குறையுற்றாரையும் ஒரு மொழி எப்பெயரால் வழங்குகின்றது என்னும் வினா, சொல்லாராய்ச்சியின் எல்லையைக் கடந்து வாழ்வியலைச் சென்று தொடுவதாகும். பெயர் வழங்குவோர் ஒருபாலும், அப்பெயரைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருப்போர் ஒருபாலுமாக ஓர் அவையில் கூடுமிடத்து, அவ்வினா மேலும் கூர்மையுறும். கிறித்தவத் திருச்சபையின் வழிபாடு அத்தகையதோர் அவை. அங்கு ஞாயிறுதோறும் விவிலியம் உரக்க வாசிக்கப்பெறுகின்றது. பார்வை இழந்தோர், நடக்க இயலாதோர், தொழுநோயாளர், நெடுநாட் பிணியாளர் ஆகியோர் பற்றிய பகுதிகள் நற்செய்தி நூல்களில் மிகப் பலவாகும். அவற்றின் தமிழ் வடிவத்தை, வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு என்னும் தோல் பதனிடும் ஊர்களை அடுத்த குடியாத்தம் வட்டாரத்தின் மருத்துவத் தொண்டு வரலாற்றோடு ஒப்பவைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

வட்டாரத்தின் தனித்தன்மை

இவ்வட்டாரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஆர்க்காட்டுப் பகுதியில் 1853இல் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையினர் நிறுவிய மிஷனின் பணிக்களத்துள் குடியாத்தமும் அடங்கும். 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் ஆங்கிலிக்கன் சபையும், மெதடிஸ்டு சபையும், தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றுபட்டுத் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆர்க்காட்டு மிஷன் வழிவந்த சபைகள் அதன்கண் அடங்கின. 1976இல் வேலூர்ப் பேராயம் தனியே பிரிந்தது. ஆகவே பேராயர் ஆட்சியும் வழிபாட்டு ஒழுங்கும் ஆகிய ஆங்கிலிக்கன் மரபுகள் இங்குப் பிற்காலத்தே வந்து சேர்ந்தவை. ஆயினும், அச்சபையைச் சார்ந்த பவர் ஐயரின் மொழிபெயர்ப்பு அதற்கு முன்னரே இங்கு வேரூன்றிவிட்டது.

மருத்துவத் தொண்டின் வரலாறும் இவ்வூரோடு இணைந்துள்ளது. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில், வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் வழியில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி நோயாளரைப் பார்க்கும் வழக்கம் உண்டாயிற்று. பிற்காலத்தில் புகழ்பெற்ற சாலையோர மருத்துவத்தின் தொடக்கம் அதுவே. 1955இல் காட்பாடிக்கு அண்மையில் கரிகிரித் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1960களில் அந்நிலையத்தின் தொழுநோய்க் கட்டுப்பாட்டுப் பணிக்குரிய களமாகக் குடியாத்தம் வட்டம் அமைந்தது. ஊர் ஊராகச் சென்று நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து, நோயாளர் தம் வீட்டிலிருந்தே மருந்துண்ணச் செய்வது அப்பணியின் முறை. ஊர்ப்புறத்தே ஒதுக்கி வைத்தல் என்னும் பழைய முறைக்கு இது நேர்மாறானது. தொழுநோய் பற்றிய மருத்துவ அறிவு இத்துணை நெருங்கிச் சூழ்ந்த வட்டாரம் தமிழகத்தில் வேறு சிலவே இருத்தல் கூடும். அத்தகைய இடத்தில் கோயில் வாசிப்பின் சொற்கள் எவ்வாறு ஒலிக்கின்றன என்பதை இனிக் காண்போம்.

பவர் மொழிபெயர்ப்பின் சொல்லாட்சி

என்றி பவர் ஐயர் தலைமையில் அமைந்து 1871இல் நிறைவுற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பே தென்னிந்தியத் திருச்சபையில் இன்றும் பெருவழக்கிற்று. நன்னூலையும் சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தையும் ஆராய்ந்து வெளியிட்ட பவர், தமிழிலக்கணம் அறியாது எழுதியவர் அல்லர். அவர் ஆண்ட சொற்களுள் குருடன், செவிடன், சப்பாணி, கூனி, திமிர்வாதக்காரன், குஷ்டரோகி என்பன ஈண்டு ஆராய்தற்குரியன.

இச்சொற்களைப் படிக்கும் இக்காலத்தார் முதற்கண் வெறுப்பது அவற்றின் ‘அன்’ ஈற்றையே. அவ்வெறுப்பு முழுதும் நேரியது அன்று. பவர் மொழிபெயர்ப்பில் இயேசுவுக்கே பலர்பால் முடிபு பெரும்பாலும் உரியதாகும்; சீடரும், ஆளுநரும், அரசரும் ‘அவன்’ என்றே சுட்டப்படுகின்றனர். பேதுருவுக்கும் பிலாத்துவுக்கும் கிட்டாத மதிப்புப் பன்மை பார்வையற்றவனுக்குக் கிட்டவில்லை என்று குறை கூறுதல் பொருந்தாது. ஒருவரைப் பன்மையால் கூறுதலை உயர்சொல் வழக்காகத் தொல்காப்பியர் தழுவிக்கொண்டார் எனினும், அவ்வழக்கு உரைநடையில் எல்லார்க்கும் உரியதாகப் பரந்தது பிற்காலத்திலேயாம்.

மேலும் ஒன்று நோக்கத்தக்கது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், உயர்திணைப் பொருளைக் குறித்து நின்றும் அஃறிணை முடிபு பெறும் சொற்களைத் தொகுத்துரைக்கும் இடத்தில் ‘உறுப்பின் கிளவி’ என்பதொன்றையும் சேர்த்துள்ளார். உரையாசிரியர்கள் அதற்குக் குருடு, முடம் என எடுத்துக்காட்டுத் தருவர். கண்ணிழந்தவர் வந்ததைக் ‘குருடு வந்தது’ எனக் கூறும் வழக்கு அக்காலத்தே இருந்தது என்பது இதனால் பெறப்படும். இலக்கணம் வழக்கைப் படைப்பதன்று, பதிந்து வைப்பதே. எனினும் அப்பதிவு, மக்கட் சுட்டினின்றும் சிலரை ஒருபடி இறக்கிப் பேசிய சமூகத்துக்குச் சான்றாகின்றது. புறநானூற்றின் 28ஆம் பாட்டும் உறுப்புக் குறையுற்ற பிறப்புகளை எட்டு வகை எச்சமாக எண்ணி, அவற்றைப் பேதைமை சான்ற பிறவிகள் என ஒதுக்கும் கருத்துடையது. இம்மரபின் பின்னணியில் வைத்துக் காணின், குருடு என்பது குருடன் என உயர்திணை ஈறு பெற்று, உயர்திணை வினைகொண்டு, கேள்விக்கு விடை கூறும் ஆளாக நற்செய்திக் கதையுள் நடமாடுதல் ஓர் ஏற்றமே எனல் வேண்டும்.

ஆயின் குறை எங்குள்ளது? ஈற்றில் இல்லை, பகுதியில் உள்ளது. ‘திமிர்வாதக்காரன்’ என்பதில் ‘காரன்’ என்னும் விகுதி, வண்டிக்காரன், தோட்டக்காரன் என்பவற்றிற்போல உடைமையையோ தொழிலையோ உணர்த்துவது. நோய் அம்மனிதனின் உடைமையாகவும் தொழிலாகவும் ஆகிவிடுகின்றது. ‘குஷ்டரோகி’ என்பதிலும் நோயின் பெயரே ஆளின் பெயராகின்றது. இதன் விளைவு ஒன்றுண்டு: நோய் நீங்கியபின் அவரை அழைக்கப் பெயர் இல்லை. பெத்தானியாவில் விருந்தளித்த சீமோனைக் குஷ்டரோகி என்ற அடையோடே நூல் குறிக்கின்றது. தம் வீட்டில் பலரையும் அமர்த்தி விருந்திட்டவர் நோய் நீங்கியவராதல் வேண்டும் எனப் பலர் கருதுவர். அடைமொழி மட்டும் நீங்கவில்லை. மருந்துண்டு நோய் நீங்கிய பின்னரும் மடங்கிய விரல்களோடு வாழும் குடியாத்தம் வட்டாரத்தார் பலரது நிலையும் இதுவே.

குஷ்டம் என்னும் சொல்

இச்சொற்களுள் மிகுந்த தீங்கு பயந்தது குஷ்டம் என்பதாம். எபிரேய மூலத்தில் ‘சாராத்’ என்றுள்ள சொல், லேவியராகமத்தின் 13, 14ஆம் அதிகாரங்களில் மக்களின் தோலில் தோன்றும் மாசுகளை மட்டும் குறிக்கவில்லை. ஆடையிலும், தோலாற் செய்த பொருளிலும், வீட்டுச் சுவரிலும் தோன்றும் பூஞ்சைக் கறையையும் அதுவே குறிக்கின்றது. தொழுநோய்க் கிருமி ஆடையிலும் சுவரிலும் கறையாகப் படர்வதன்று. ஆகவே சாராத் என்பது வழிபாட்டுத் தூய்மை பற்றிய ஒரு பொதுச்சொல். குறிப்பிட்ட ஒரு நோயின் பெயர் அன்று என்பது தெளிவு. கிரேக்க மொழிபெயர்ப்பில் அது ‘லெப்ரா’ எனப் பெயர்க்கப்பட்டது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வடசொல்லாகிய குஷ்டத்தைக் கொண்டனர். சித்த மருத்துவம் பதினெட்டு வகை எண்ணிய குட்டம் என்னும் பெயரும் பரந்த பொருளுடையதேயாயினும், மக்கள் வழக்கில் அது தொழுநோய் ஒன்றற்கே உரியதாய்ச் சுருங்கிவிட்டது. சுவரின் கறைக்கும் ‘குஷ்டதோஷம்’ என எழுத நேர்ந்தபோதே சொல்லின் பொருந்தாமை வெளிப்பட்டிருத்தல் வேண்டும். அங்ஙனம் வெளிப்படாமையால், பாளயத்துக்குப் புறம்பே தங்கவேண்டும் என்னும் பழைய விதி, தமிழ் கேட்போர் செவியில், தம் தெருவில் வாழும் ஒரு நோயாளரைப் பற்றிய விதியாக ஒலிக்கலாயிற்று.

தோல் பதனிடுதலைத் தொழிலாகக் கொண்ட ஊர்களைச் சுற்றிலும் உடைய வட்டாரத்தில், தோற்பொருளின் கறையையும் மனிதத் தோலின் நோயையும் ஒரே சொல்லால் கேட்கும் நிலை சிந்திக்கத்தக்கது.

இக்குழப்பத்துக்குத் திரைப்படமும் துணைசெய்தது. கரிகிரி நிலையம் எழுவதற்கு முந்தின ஆண்டாகிய 1954இல் வெளிவந்த ‘இரத்தக் கண்ணீர்’, தொழுநோயை ஒழுக்கக்கேட்டின் தண்டனையாகக் காட்டிற்று. எம்.ஆர். இராதாவின் நடிப்பாற்றல் அக்கருத்தை ஆழப் பதித்தது. 1940களிலேயே சல்போன் மருந்துகள் வழக்கிற்கு வந்துவிட்டன. 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்டு, விரல்கள் தேய்ந்து குறைதற்குக் காரணம் தசை அழுகுதல் அன்று, உணர்ச்சி அற்ற கை அறியாது ஏற்கும் காயங்களே என்பதை நிறுவி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தை வளர்த்தார். 1951இல் எழுந்த நவஜீவ நிலையம், நலமுற்றோர் தொழில் கற்று ஊர் திரும்ப வழிசெய்தது. மருத்துவம் ஒரு வழியிலும், கலையும் கோயில் வாசிப்பும் மற்றொரு வழியிலும் சென்றன என்பது இவ்வொப்பீட்டால் விளங்கும்.

நலம் பெறாதார் குரல்

நற்செய்தி நூல்களின் நோய்க்கதைகள் பெரும்பாலும் நலம் பெறுதலோடு முடிவன. நாட்பட்ட நோயோடு வாழ்வோர்க்கு இம்முடிவு ஆறுதலாதலும் உண்டு, சுமையாதலும் உண்டு. நம்பிக்கை குறைந்ததனாலேயே நலம் பெறவில்லை என்று பிறர் கூறுவதற்கு இக்கதைகள் இடமாகிவிடுகின்றன. அக்கூற்றை மறுக்கும் பகுதிகளும் அந்நூலகத்தே உள்ளன. யோவான் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்றவர் யார் செய்த பாவத்தால் அவ்வாறு பிறந்தார் என்ற வினாவுக்கு, அவரும் பெற்றோரும் அதற்குக் காரணர் அல்லர் என விடை தரப்படுகின்றது. ஐந்தாம் அதிகாரத்தில் 38 ஆண்டு பிணியுற்றுக் குளக்கரையில் கிடந்தவர் கூறும் குறை நோயைப் பற்றியதன்று. தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஓர் ஆள் இல்லை என்பதே. சமூகத்தின் கைவிடுதலே ஊனத்தின் பாதி என்பதை இதனினும் தெளிவாகக் கூறல் அரிது. ஆம்பூரில் லுத்தரன் மிஷனார் நிறுவிய மருத்துவமனை அக்குளத்தின் பெயராகிய பெதஸ்தா என்பதையே தாங்கியுள்ளமை குறிக்கத்தக்கது. பவுலடியார் மும்முறை வேண்டியும் நீங்காத ‘முள்’ பற்றிய பகுதியோ, நலம் பெறாமையே நம்பிக்கைக்கு இழுக்காகாது என்பதற்குத் திருத்தூதர் ஒருவரின் சான்று.

தமிழ்ப் பக்தி மரபில் நோயுற்றவரே தன்மையிடத்தில் நின்று பாடும் குரல் வலியது. சூலை நோயால் வருந்திய திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடினார். கண்ணொளி இழந்த சுந்தரர், காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் பெறும்வரை, இறைவனோடு வழக்காடினார். இவர்களை நோயின் பெயரால் எவரும் அழைப்பதில்லை. அவர்தம் பாட்டே அவர்க்குப் பெயராயிற்று. இதற்கு இணையாகக் குடியாத்தம் வட்டாரத்துப் பிணியாளர் தம் வாழ்வைத் தாமே கூறிய நூல் தமிழ் இலக்கியத்தில் இடம்பெற்று விளங்கவில்லை. 1954இல் விபத்தில் இடுப்பின் கீழ் உணர்விழந்து, சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்த மேரி வர்கீசு பற்றி 1963இலும், பிராண்டு பற்றி 1965இலும் தாரதி கிளார்க் வில்சன் ஆங்கிலத்தில் எழுதினார். அவை மருத்துவரின் வரலாறுகள். அவற்றில் நோயாளர் பெரும்பாலும் கதையின் ஓரத்தே நிற்பர். மேரி வர்கீசு ஒருவரே இரு நிலையிலும் நின்றவர். மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணுங்கால், நோயுற்றவரையே முதற்கண் வைத்தார். அவ்வரிசை நம் வாழ்க்கை வரலாற்று இலக்கியத்தில் இன்னும் நிலைபெறவில்லை.

புதுப்பெயர்களும் அவற்றின் எல்லையும்

1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, தொழுநோயாளர், பார்வையற்றோர், முடக்குவாதமுற்றவர் என்னும் சொற்களை ஆண்டது. நோயை ஆளினின்றும் பிரித்துக் காட்டும் இச்சொற்கள் வரவேற்கத்தக்கன. அரசு வழக்கில் ‘மாற்றுத்திறனாளி’ என்பது நிலைபெற்றுள்ளது. மதிப்பைக் கருதிப் படைத்த அச்சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு குறைக்கும் ஈடாக ஒரு திறன் இருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பை அது தோற்றுவிக்கின்றது. மூட்டுவலியால் முழந்தாளிட இயலாது பின்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியவர்க்கும், நாள்தோறும் சோர்ந்து விழும் நரம்பு நோயாளர்க்கும் அது பொருந்துமாறு இல்லை. ‘பிணி’ என்னும் பழஞ்சொல்லே இவர்க்கு நெருங்கியது. பிணித்தல் கட்டுதலாகலின், நீங்காது கட்டி நிற்பதே பிணி. 18 ஆண்டு கூனியாயிருந்த பெண்ணைக் கட்டினின்றும் அவிழ்த்ததாக லூக்கா கூறும் இடத்தோடும் இச்சொல் இயைகின்றது.

சட்டம் இவ்வகையில் கோயில் வாசிப்பினும் முந்திச் சென்றுள்ளது. 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளை ஏற்று, தொழுநோயினின்றும் நலம் பெற்றோரையும் நாட்பட்ட நரம்பு நோயுற்றோரையும் அவற்றுள் சேர்த்தது. கிறித்தவர்க்குரிய 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்திலும் பிற மணச் சட்டங்களிலும் தொழுநோயைக் காரணமாகக் காட்டும் விதி 2019இல் களையப்பட்டது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பவர் மொழிபெயர்ப்பின் குறை அதன் ஈறுகளில் இல்லை என்பதும், நோயையே ஆளாக்கும் பெயர்களிலும் சாராத் என்பதற்குக் குஷ்டம் என்ற சொல்லைக் கொண்டதிலும் உள்ளது என்பதும் விளங்கும். நூற்றைம்பது ஆண்டுகளாக மக்கள் நெஞ்சில் ஊறிய நூலை ஒரே நாளில் மாற்றுதல் அரிது. ஆயினும் லேவியராகமப் பகுதியை வாசிக்குமுன், இது நம் ஊரின் தொழுநோய் அன்று எனக் குருவானவர் ஒரு சொல் கூறுதல் எளிது. தென்னிந்தியத் திருச்சபையின் 1950ஆம் ஆண்டு நற்கருணை ஒழுங்கில், வழிபடுவோர் ஒருவர் கையை மற்றவர் கையால் பற்றிச் சமாதானம் வழங்கும் முறை அமைந்துள்ளது. சிரிய மரபினின்றும் பெற்ற அம்முறை, தொடுதலுக்கு அஞ்சிய நோய் பரவியிருந்த வட்டாரத்தில் தனிப்பொருள் உடையதாகின்றது. மடங்கிய விரலும் நிமிர்ந்த விரலும் ஒன்றையொன்று பற்றும் அவ்வொழுங்கோடு முரணாத சொற்களையே அதற்கு முன்னும் பின்னும் வாசித்தல் முறையாகும். சாலையோர மருத்துவத்தையும் கரிகிரிப் பணியையும் அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் வாழ்வை அவர்தம் சொல்லாலேயே தொகுத்துப் பதிதல் தமிழ்த்துறை மாணவர் உடனே மேற்கொள்ளற்பாலதாகிய பணியாம்.