கல்லுக்கு ஓர் ஆயுள், ஓலைக்கு ஓர் ஆயுள்

மாமல்லபுரத்தின் பெருந்தவப் பாறை சுமார் 29 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் கொண்டது. தேவர்களும் நாகர்களும் முனிவர்களும் யானைக் கூட்டமும் நிறைந்த அந்தப் பெருங்காட்சியின் அடியில், யானையின் பக்கத்தில், ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்துகொண்டிருக்கிறது. அதை நம்பிச் சில எலிகள் சூழ்ந்து நிற்கின்றன. தவம் அர்ச்சுனனுடையதா பகீரதனுடையதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பூனையின் தவம் எப்படிப்பட்டது என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை. சற்றுத் தள்ளி ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிகிறது. தனிக்கல்லில் ஒரு குரங்கு இன்னொன்றுக்குப் பேன் பார்க்கிறது. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி அரசனுக்காகச் செய்த வேலையிலேயே இவ்வளவு குறும்புக்கு இடம் வைத்திருக்கிறான். முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடைகளில் பரிசுப் பொருள் தேடுகிறவர் முதலில் தேட வேண்டியது இந்தக் குறும்பைத்தான். அது உண்மையாக இருக்கும் பொருளில், இயற்கைக்குக் கேடு செய்யாத குணமும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து பிறப்பதுதான் காரணம்.

மூலப்பொருளின் பிடிவாதம்தான் அந்த இடம். கடையில் இருக்கும் குட்டிக் கருங்கல் யானையைக் கையிலெடுத்துப் பாருங்கள். தும்பிக்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. சுருண்டு வாய்க்குள் போயிருக்கும், அல்லது முன்னங்காலோடு ஒட்டி இறங்கியிருக்கும். மெல்லியதாக நீட்டிவிட்ட கல் ஒரு தட்டலில் முறிந்துவிடும் என்று சிற்பிக்குத் தெரியும். முறியாமல் காக்கச் செய்த அந்த ஏற்பாடே, ஏதோ தின்பண்டத்தை ஒளித்து வைத்துக்கொண்ட பிள்ளையின் பாவனையை யானைக்குக் கொடுத்துவிடுகிறது. ஓலைக் குருவியிலும் இதே கதைதான். ஓலை மடியும், வளைவாகக் குழையாது. ஆகவே குருவிக்கு மூக்கும் வாலும் கோணல்மாணலாக, எதையோ கேட்டுத் திடுக்கிட்டதைப்போல அமைகின்றன. பிளாஸ்டிக்குக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது. எந்த அச்சில் ஊற்றினாலும் அந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளும். எங்கே வீசினாலும் அந்த வடிவத்திலேயே கிடக்கும். குணமில்லாத பொருளுக்குக் குறும்பு வராது, சாவும் எளிதில் வராது.

இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. ஒரு பொருள் நமக்கு எத்தனை காலம் பயன்படுமோ, அதற்கு ஒத்த ஆயுள் அதன் மூலப்பொருளுக்கும் இருக்க வேண்டும். ஒரு பருவத்து விளையாட்டுக்கு ஓலை போதும். தலைமுறைகளுக்குக் கல் பொருந்தும். ஒரு வாரத்தில் சலித்துப்போகும் பொம்மை நூற்றாண்டுக்கணக்கில் குப்பையாகக் கிடப்பதுதான் பொருத்தக்கேடு. தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற துணிப்பை இயக்கத்தைத் தொடங்கியது. சட்டம் பையையும் குவளையையும் பார்க்கிறது. பைக்குள் போகும் பரிசுப் பொருளை வாங்குகிறவர்தான் பார்க்க வேண்டும்.

குறுகிய ஆயுளுக்கு மிகச் சிறந்த சான்று பனையோலைக் கிலுகிலுப்பை. நிழலில் உலர்த்திய குருத்தோலையில் ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்துக்கு நறுக்கி, தண்ணீர் தெளித்துப் பதமாக்கிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுகிறார்கள். பெட்டி வாய் மூடும் முன் உள்ளே நாலைந்து சிறுகற்கள் விழுகின்றன. நுனிகள் முந்தைய மடிப்புக்குள்ளேயே செருகிக்கொள்ள, மிஞ்சிய ஓலை முறுக்கப்பட்டுக் கைப்பிடியாகிறது. பசையும் ஆணியும் தேவைப்படுவதில்லை. ஆனாலும் ஓலை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறமும் பச்சையும் பெரும்பாலும் ரசாயனச் சாயத்தால் வருபவை. வாயில் வைக்கும் குழந்தைக்குச் சாயமில்லாத வெள்ளோலையே நல்லது. உள்ளே கிலுங்குவது குன்றிமணியாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பார்க்க அழகான அந்த விதையில் கடும் நஞ்சு உண்டு, மென்றால் உயிருக்கே ஆபத்து. செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் கடலோர மணல்மேடுகளிலும் நிற்கும் பனைக்கு இந்த வேலையால் கேடில்லை, குருத்தை அளவோடு எடுக்கும் வரைக்கும். பனை மாநில மரம்; மாவட்ட ஆட்சியரின் அனுமதியில்லாமல் அதை வெட்டக் கூடாது என்று 2021-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. ஓலைக்கு விலை கிடைத்தால், மரத்தை வைத்திருப்பவருக்கே அதை நிறுத்தி வைக்க ஒரு காரணம் கிடைக்கும்.

நீண்ட ஆயுளுக்குச் சான்று கல். மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சிக்கூடம் இன்று கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. ஊரின் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோயில் சிலைகளால் வந்த பெயர் அது. ஆனால் ரசிகர் கண் வைக்க வேண்டிய இடம் பட்டறையின் ஓரத்தில் இருக்கிறது. கல் அகல், பறவைக்குத் தண்ணீர் வைக்கும் சிறு தொட்டி, கையடக்க அம்மி, தலையைத் திருப்பிப் பார்க்கும் ஆமை ஆகியவைதான் வீட்டுக்குள் வந்து நம்மோடு வாழக்கூடியவை. மலையை உடைத்து எடுத்த கல் எப்படி இயற்கைக்கு உகந்ததாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குவாரி நிலத்துக்குக் காயம், கல் மறுபடி வளரப்போவதுமில்லை. அதனால்தான் கல்லில் செய்ததற்கு நீண்ட பயன் இருந்தாக வேண்டும். பேத்தி அரைக்கப்போகும் அம்மிக்குக் கல் தகும். அலமாரியில் தூசி படியும் பத்தாவது பொம்மைக்குத் தகாது. பெரிய சிலையில் உதிர்ந்த துண்டில் செய்த அகலுக்கோ புதிதாக எந்தப் பாறையையும் உடைக்க வேண்டியதில்லை. மாக்கல்லையும் கருங்கல்லையும் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். மாக்கல் மென்மையானது, நகத்தாலேயே கீறலாம். நுணுக்க வேலைக்குச் சரி, வெளியில் வைக்கவும் அரைக்கவும் கருங்கல்தான்.

இந்தக் கரையில் அதிகம் விற்பவற்றுள் சங்கும் சிப்பியும் உண்டு. இயற்கையானது, மட்கும், கடல் தானாகவே ஒதுக்கிய குப்பைதானே என்பது அதற்கான வாதம். சோழியின் பளபளப்பே இந்த வாதத்தை உடைத்துவிடுகிறது. உயிரோடிருக்கும்போது உள்ளிருக்கும் பிராணியின் சதை ஓட்டின் மேல் போர்த்தி அதை மெருகு குறையாமல் வைத்திருக்கும். அது செத்து, அலையிலும் வெயிலிலும் ஓடு புரண்டால் மெருகு மங்கிவிடும். கண்ணாடிபோல் மின்னும் சோழிகள் நூற்றுக்கணக்கில் கோத்த திரைச்சீலை கரையில் பொறுக்கியதாக இருக்க வாய்ப்பில்லை. வெற்றுச் சங்கும் வீணானதல்ல. துறவி நண்டுக்கு அதுதான் வீடு. பவளப்பாறை, கடல்குதிரை, சில அரிய சங்கு வகைகள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை வாங்குவதும் குற்றம். வடிவத்தைப் பிராணியே செய்துவிட்டது, மனிதக் கை பசை மட்டுமே தடவுகிறது என்பதால், ரசனைக் கணக்கிலும் இதில் கைவினை குறைவு.

இதே சாலையில் தெற்கே போனால் மூன்றாவது வழி ஒன்று தெரிகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்புக் கூடம் உமா பிரஜாபதியின் முயற்சியில் மீனவப் பெண்களோடு சேர்ந்து சுனாமிகா என்ற விரலளவு பொம்மையை உருவாக்கியது. தையல் கூடத்தில் மிஞ்சிய துணித் துண்டுதான் மூலப்பொருள். பொம்மைக்கு விலை வைக்கவில்லை. பரிசாகவே கொடுத்து, நன்கொடைகளால் வேலையை நடத்தினார்கள். குப்பைக்குப் போகவிருந்த துணிக்கு இன்னொரு ஆயுள் கிடைத்தது என்பதோடு, மூலப்பொருளின் பிடிவாதம் இங்கும் தன் வேலையைக் காட்டியிருக்கிறது. கிடைத்த துண்டுதான் உடை என்பதால் ஒன்றைப்போல் இன்னொன்று அமைவது அரிது.

இவையெல்லாம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, கைவேலைக்கு விலை அதிகம் என்பது பலமான மறுப்பு. ஓலைப் பொருளைப் பொறுத்தவரை இது சரியில்லை. கிலுகிலுப்பை இன்றும் எளியவர் வாங்கும் விலையில்தான் இருக்கிறது. கல்லில் விலை கூடுதல்தான், ஆனால் அதை ஆயுளால் வகுத்துப் பார்க்க வேண்டும். கிரைண்டர் ஓடும் பட்டறையில் செய்ததைக் கைவினை என்று எப்படிச் சொல்வது என்பது அடுத்த மறுப்பு. கல்லைப் பிளக்கவும் தோராய வடிவம் கொடுக்கவும் இயந்திரம் வருவதில் தவறில்லை. கண்ணையும் வாயையும் உளிதான் தீர்மானிக்கிறது. கவலைப்பட வேண்டியது வேறொன்று. கிரைண்டர் கிளப்பும் மென்தூளில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் ஊற்றி அறுப்பதும் முகக்கவசமும் செலவு வைக்கும். பேரம் பேசி விலையை அடிமட்டத்துக்கு இறக்குகிறவர் அந்தச் செலவையும் சேர்த்தே வெட்டுகிறார். செய்தவரின் மூச்சைக் கெடுத்த பொருளை இயற்கைக்கு உகந்தது என்று அழைக்க முடியாது.

ஆகவே கடை வாசலில் மூன்று கேள்விகள் போதும்: இது எதில் செய்தது, எத்தனை காலம் பயன்படும், யார் செய்தது. மூன்றாவது கேள்விக்கு விடை தேடுகிறவர்களுக்கு முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996 முதல் நடந்துவரும் அந்த அருங்காட்சியகத்தில் கைவினைஞர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். மாமல்லபுரத்தில் அதற்குச் சீட்டுக்கூட வேண்டாம். உளிச் சத்தம் வரும் தெருவுக்குள் நடந்தால் போதும். அடுத்த நவராத்திரிக்கோ கிரகப்பிரவேசத்துக்கோ பத்துப் பொருள் வாங்கும் பணத்தில் ஒரு கல் அகலும் ஒரு ஓலைக் கிலுகிலுப்பையும் வாங்குங்கள். விலையைக் குறைக்கக் கேட்காமல், செய்தவர் யாரென்று கேட்டு வாங்குங்கள்.