மூன்று நிமிட விசுவரூபம்

1996 செப்டம்பர் 7, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஜப்பானியத் தொலைக்காட்சியில், ராட்சத விலங்குகளோடு போரிடும் பேருருவ நாயகனின் புதிய தொடர் ‘அல்ட்ராமேன் டிகா’ தொடங்கியது. அதற்கு முந்தைய தொடரான ‘அல்ட்ராமேன் 80’ 1981 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று என்று வெளிநாட்டில் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளூரில் வாராவாரம் வந்து நிற்கும் புதிய நாயகன் இல்லை. ஒரு தலைமுறைக் குழந்தைகள் அல்ட்ராமேனை மறுஒளிபரப்பிலும் பொம்மைக் கடையிலும்தான் கண்டார்கள். அந்த வறட்சியில் வந்தவன் டிகா. குடும்பப் பெயரைச் சொல்லிக்கொள்ளாமல் வந்தான் என்பதுதான் விசேஷம்.

அந்தக் குடும்பம் பெரியது. எம்78 என்ற தொலைதூர நெபுலா, அதில் ஒளிநாடு, அங்கே ஓர் அப்பா, ஓர் அம்மா, வரிசையாக அண்ணன் தம்பிகள் என்று 1970களின் தொடர்கள் ஒரு வம்சாவளியையே கட்டி வைத்திருந்தன. டிகாவுக்கு அதில் கிளை கிடையாது. மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் இதே பூமியில் இருந்து, கற்சிலையாகிப்போன பேருருவம் அது. டைகோ என்ற இளைஞன் ஒளியாகி அந்தச் சிலைக்குள் இறங்குகிறான். வெள்ளியும் சிவப்புமாகவே இருந்துவந்த உடலில் ஊதா சேர்ந்தது. சண்டையின் நடுவிலேயே நிறம் மாறும்: வலிமைக்கு ஒரு வடிவம், வேகத்துக்கு ஒரு வடிவம், இரண்டும் கலந்தது ஒன்று. டைகோவாக நடித்த நாகானோ ஹிரோஷி, ‘வி6’ என்ற பாட்டுக்குழுவின் இளைஞர். கதையில் பூமியைக் காக்கும் பாதுகாப்புப் படைக்குத் தலைமை ஏற்றவர் ஒரு பெண். இதற்குமுன் எந்தத் தொடரிலும் அப்படி இல்லை.

இத்தனையையும் உடைத்த பிறகும் அதை அல்ட்ராமேன் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டது எப்படி? இந்த மரபை உயிர்ப்பித்த ஒவ்வொருவரும் எதையோ உடைத்தவர்தான். எதை உடைக்கலாம், எதில் கைவைக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதில்தான் அவர்களுடைய தேர்ச்சி. அதைத் தெரிந்துகொள்ள மூலத்துக்குப் போக வேண்டும்.

சுபுராயா எய்ஜி 1901இல் புகுஷிமா மாநிலத்தின் சுகாகவா ஊரில் பிறந்தவர். 1954இல் வந்த ‘காட்ஸில்லா’வின் தந்திரக் காட்சிகள் அவர் கைவேலை. ரப்பர் உடுப்புக்குள் ஒரு மனிதன், அவன் காலடியில் சின்னச் சின்னக் கட்டடங்கள், படச்சுருளை வேகமாக ஓட்டும் கேமரா. வேகமாகப் பிடித்த படத்தைச் சாதாரண வேகத்தில் ஓட்டினால் அசைவு மந்தமாகும். மந்தமானால் உடம்புக்கு எடை வந்துவிடும். ஜப்பானில் டொகுசாட்ஸு என்று அழைக்கப்படும் இந்தக் கலையின் முதல் இலக்கணம் இந்த எடைதான். நாற்பது மீட்டர் உயரமுள்ளவன் விழுந்தால் தரை அதிர வேண்டும், தூசி மெதுவாக அடங்க வேண்டும். இது தவறினால் திரையில் தெரிவது, உடுப்பு மாட்டிக்கொண்டு ஆடும் ஆள் மட்டுமே.

1963இல் சுபுராயா சொந்த நிறுவனம் தொடங்கினார். 1966 ஜனவரியில் ‘அல்ட்ரா க்யூ’ வந்தது. கறுப்பு வெள்ளை, ராட்சத விலங்குகள் உண்டு, நாயகன் இல்லை. அதே ஆண்டு ஜூலை 17 அன்று வண்ணத்தில் ‘அல்ட்ராமேன்’ வந்தான். உருவம் வரைந்தவர் சிற்பியும் ஓவியருமான நரிதா தோரு. மூடிய உதட்டில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத புன்னகை, கருமணி இல்லாத முட்டைவடிவக் கண், கொம்பும் ஆயுதமும் அற்ற வழவழப்பான மேனி. நெஞ்சில் நீலமாக எரிந்து, சக்தி குறையும்போது சிவப்பாகச் சிமிட்டும் விளக்கு நரிதா வரைந்ததல்ல, மற்றவர்கள் சேர்த்தது. அவருக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. ஆனால் நாடகத்தின் உயிரே அந்த விளக்கில்தான் இருக்கிறது. பூமியில் மூன்று நிமிடம்தான் நிற்க முடியும் என்கிற விசுவரூபம் வேறெங்கும் உண்டா? நம் புராணங்களில் விசுவரூபம் எடுத்தவர்களுக்கு இப்படிக் கெடு வைத்தவர் யாருமில்லை. 2022இல் அன்னோ ஹிதேயாகி எழுதி ஹிகுச்சி ஷின்ஜி இயக்கிய ‘ஷின் அல்ட்ராமேன்’ படம் அந்த விளக்கை எடுத்துவிட்டு, நரிதாவின் ஆசைப்படியே உருவத்தை அமைத்தது. நரிதா 2002இலேயே காலமாகிவிட்டார்.

விலங்குகளுக்கும் நரிதா வரம்பு வைத்திருந்தார். இருக்கிற மிருகத்தை அப்படியே ஊதிப் பெரிதாக்கக் கூடாது. இரண்டு மூன்றை வெட்டி ஒட்டவும் கூடாது. உடல் சிதைந்து அருவருப்பூட்டும் உருவம் கூடவே கூடாது. குழந்தைகள் பார்ப்பது என்பதால் மட்டும் வைத்த விதி அல்ல இது. கைஜூ என்று சொல்லும் அந்த விலங்குக்கும் ஒரு கம்பீரம் உண்டு என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

இரண்டாம் இலக்கணம் அங்கிருந்து பிறக்கிறது: கைஜூவின் தரப்பையும் பேச வேண்டும். முதல் தொடரின் 23ஆம் பகுதியில் ஜமிலா என்றொரு கைஜூ வருகிறது. விண்வெளியில் கைவிடப்பட்ட மனிதன், தண்ணீரில்லாத கோளில் உருமாறித் திரும்பியிருக்கிறான் என்று தெரியவருகிறது. அவனை அல்ட்ராமேன் தண்ணீர் பாய்ச்சியே கொல்கிறான். குழந்தைகள் நிகழ்ச்சியில், மாலை வேளையில் இப்படி ஒரு சாவு. இயக்கியவர் ஜிஸ்ஸோஜி அகியோ. விசித்திரமான கோணம், நிழல், மௌனம் என்று அவர் கைபட்ட பகுதிகள் தனியாகவே தெரியும். நாயகன் உருமாறும் கருவிக்குப் பதில் கையிலிருந்த கறிக்குழம்புக் கரண்டியை அவசரத்தில் உயர்த்திப் பிடிக்கும் காட்சியும் அவருடையதுதான். ‘அல்ட்ராசெவன்’ தொடரில் தாழ்ந்த மேசைக்கு இருபுறமும் நாயகனையும் மெட்ரான் என்ற வேற்றுக்கோளியையும் சம்மணமிட்டு உட்காரவைத்துப் பேசவிட்டார். நெருக்கமான குடியிருப்பில் ஒரு சிறு அறை, ஜன்னலில் சாயங்கால வெளிச்சம். சண்டையை மறந்தவர்கள்கூட அந்த அறையை மறப்பதில்லை.

இந்த முதல் பாணியின் எழுத்து முதுகெலும்பு கிஞ்ஜோ தெட்சுவோ. ஒகினாவாவில் வளர்ந்தவர். ஒகினாவா 1972 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்ததால், டோக்கியோவுக்கு வர அவருக்குக் கடவுச்சீட்டு தேவைப்பட்டது. தாய்நாட்டிலேயே அயலானாக நின்ற ஒருவர், இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்கும் பேருருவத்தை எழுதினார் என்பதைத் தற்செயல் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. ‘அல்ட்ராசெவ’னில் அவர் எழுதிய ஒரு கதையில், பூமியின் பூர்வகுடிகள் கடலுக்கடியில் வாழ்கிறார்கள்; அப்படியானால் ஆக்கிரமித்தவர்கள் மனிதர்கள்தானா என்ற கேள்வி எழுகிறது. நாயகன் குழம்பி நிற்கும்போதே பாதுகாப்புப் படை அவர்களின் நகரத்தை அழித்துவிட்டு வெற்றிக் களிப்பில் திளைக்கிறது. கிஞ்ஜோ 1969இல் ஊர் திரும்பினார், 1976இல் இறந்தார். அவருடைய கூட்டாளி உவேஹாரா ஷோஸோவும் ஒகினாவாக்காரரே. 1971இல் தொடங்கிய ‘திரும்பி வந்த அல்ட்ராமேன்’ தொடரில் அவர் எழுதிய 33ஆம் பகுதி இந்த மரபின் உச்சம் என்பேன். ஆற்றங்கரையில் ஒளிந்து வாழும் ஒரு கிழவர், அவரை அண்டியிருக்கும் ஓர் அநாதைச் சிறுவன், சிறுவனை வேற்றுக்கோளி என்று துரத்தும் ஊர்க்கும்பல். கிழவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். அவர் அடக்கி வைத்திருந்த கைஜூ வெளியே வருகிறது. காப்பாற்றச் சொல்லி ஊர் கதறும்போது நாயகனுக்கு உருமாறவே மனமில்லை. ஜப்பானில் 1923இல் நேர்ந்த பூகம்பத்தின்போது கொரியர்களைக் கொன்ற கும்பல்களை நினைத்து எழுதப்பட்டது அது.

அடுத்த பாணியைக் குடும்பப் பாணி எனலாம். ‘ஏஸ்’, ‘தாரோ’, ‘லியோ’ என்று 1972 முதல் 1975 வரை தொடர்ந்தது. பாசம், பயிற்சி, அண்ணன்மாரின் உதவி. இதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. குழந்தைகள் விரும்பினார்கள், பொம்மைகள் விற்றன. ஆனால் ஆபத்து வந்தால் வானத்திலிருந்து உறவுக்காரர் ஒருவர் இறங்குவார் என்று தெரிந்துவிட்டால் மூன்று நிமிடக் கெடுவுக்குப் பொருளேது? இந்தக் காலத்தின் விசித்திரமான கிளை ஒன்றை மட்டும் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1974இல் தாய்லாந்து நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த படத்தில் அல்ட்ரா சகோதரர்களோடு நின்று போரிடுபவர் அனுமார்! புத்தர் சிலையின் தலையைத் திருடியவர்கள் சுட்டுக் கொன்ற சிறுவன், வெள்ளை அனுமனாக எழுகிறான். அந்தக் கள்ளர்களை அவன் நசுக்கும் விதத்தைப் பார்த்தால் குழந்தைப் படம் என்று சொல்ல நா எழாது. அந்தத் தாய்லாந்துக் கூட்டாளியோடு பின்னர் எழுந்த உரிமை வழக்கு பல நாடுகளின் நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் இழுத்தது.

இப்போது டிகாவுக்கு வருவோம். அவன் உடைத்தது குடும்பத்தை. தொடாமல் விட்டது மூன்று: எடை, கைஜூவின் தரப்பு, மனிதனின் பங்கு. இந்த மூன்றாவதும் முதல் தொடரிலேயே உள்ளதுதான். அதன் கடைசிப் பகுதியில் அல்ட்ராமேன் ஸெட்டான் என்ற கைஜூவிடம் தோற்று விழுகிறான். ஸெட்டானை வீழ்த்துவது மனிதர்கள் செய்த ஆயுதம். டிகா இதை ஒரு படி மேலே கொண்டுபோனான். கோனாகா சியாகி எழுத்தில் பங்கேற்ற இறுதிக் கட்டத்தில் கதானோதோவா என்ற ஆதி இருள் உலகை மூடுகிறது. நாயகன் மீண்டும் கல்லாகிறான். உலகெங்கும் உள்ள குழந்தைகள் ஒளியாகி அந்தக் கல்லுக்குள் நுழைகிறார்கள். இதைச் சற்று இனிப்பு அதிகம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த எண்ணம் வந்ததுண்டு. ஆனால் ஐம்பத்திரண்டு பகுதிகளாக, ஒளி என்பது வெளியிலிருந்து வரும் வரமல்ல, மனிதன் ஆகக்கூடிய ஒன்று என்று சொல்லிக்கொண்டே வந்த கதைக்கு அது நியாயமான கணக்குத் தீர்ப்பு. மூத்தவர்களையும் டிகா ஒதுக்கவில்லை. ஜிஸ்ஸோஜி இரண்டு பகுதிகளை இயக்க வந்தார். 49ஆம் பகுதியில் டைகோ 1960களுக்குப் போய் சுபுராயா எய்ஜியையே சந்திக்கிறான். அதை எழுதியவர் உவேஹாரா.

டிகாவின் வழியில் 1997இல் ‘டைனா’வும் 1998இல் ‘கையா’வும் வந்தன. 2001இல் வந்த ‘காஸ்மோஸ்’ கைஜூவைக் கொல்லாமல் அமைதிப்படுத்தும் நாயகனைக் கொடுத்தது. 2004இல் ‘நெக்ஸஸ்’ இருட்டாகப் போனது. ஒளி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும் அருமையான யோசனை அதில் இருந்தது. ஆனால் சனிக்கிழமைக் காலையில் குழந்தைகள் அதைத் தாங்கவில்லை. 37 பகுதிகளோடு சுருக்கப்பட்டது. 2006இல் நாற்பதாம் ஆண்டுக்காக வந்த ‘மெபியஸ்’ நேர்மாறாகப் போய், பழைய குடும்பத்தைத் திரும்பக் கூட்டியது. நரைத்த நடிகர்கள் மீண்டும் கருவியை உயர்த்தியபோது பெரியவர்களின் கண் கலங்கியது உண்மை. என் கணக்கில் அது உயிர்ப்பித்தல் ஆகாது. அது நன்றாக நடத்திய மணிவிழா. அது முடிந்ததும் தொலைக்காட்சியில் மறுபடியும் இடைவெளி விழுந்தது. நிறுவனத்தின் உரிமையும் சுபுராயா குடும்பத்தின் கையைவிட்டுப் போனது.

2013 ஜூலையில் ‘கிங்கா’ எளிய கோலத்தில் வந்தான். பதினொரு பகுதிகள்தான். பாதுகாப்புப் படை இல்லை, பெரிய நகரம் இல்லை. மலையடிவாரத்து ஊரில் மூடப்பட்ட பள்ளிக்கூடமும் சில மாணவர்களும். கைஜூக்களெல்லாம் பொம்மைகளாகிக் கிடக்கின்றன. பொம்மை விற்பனையைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்களே என்று சிரிக்கலாம். ஆனால் செலவு குறைந்ததால்தான் நிறுத்தாமல் ஓட முடிந்தது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் கோடையில் புதிய நாயகன் ஒருவன் தவறாமல் வருகிறான். அதற்கு விலையும் உண்டு: முன்னோர் சக்திகளை அட்டையாகவும் பதக்கமாகவும் மாட்டி வடிவம் மாறுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. தாகுச்சி கியோதகா 2020இல் ‘ஸெட்’ தொடரில் அந்தச் சடங்குக்குள்ளேயே நின்று, உற்சாகமும் பழைய கைஜூ ரோபோக்களுமாகக் கலகலப்பாக்கினார்.

அதே தாகுச்சி 2023இல் ‘பிளேஸர்’ தொடரில் சடங்கைத் தூக்கி ஓரமாக வைத்தார். முன்னோர் பெயரே இல்லை. முதல் பகுதி, கைஜூ நுழைந்த நகரத்தில் ஓர் இரவுப் போர் மட்டுமே. விளக்கம் ஏதும் கிடையாது. நாயகன் கெந்தோ முப்பது வயதுக்காரன், மனைவியும் மகனும் உள்ளவன், படைக்கே தலைவன். இதுவரை தலைவனிடம் உண்மையை மறைத்துத் தவித்த நாயகர்கள் ஒரு வகை என்றால், இவன் தனக்குக் கீழே வேலை செய்பவர்களிடமும் வீட்டிலும் மறைக்க வேண்டியவன். பிளேஸரோ பேசுவதில்லை. கூவுகிறான், தரையில் குந்துகிறான், ஒளியை ஈட்டியாக்கி எறிகிறான். மரபில் எல்லோரும் முதல் வாரமே செய்யும், கைகளைக் கோத்துக் கதிர் பாய்ச்சும் செயலை அவன் இறுதிப் பகுதிவரை செய்யவே இல்லை. இவ்வளவு காலம் காக்கவைத்ததால் அந்தக் கதிருக்குப் பழைய மதிப்பு திரும்பியது. அதே இறுதியில், வானிலிருந்து வந்த ‘எதிரி’யை முதலில் சுட்டது பூமிதான் என்று வெளிவருகிறது. கிஞ்ஜோ கேட்ட கேள்வி அது. இந்த முறை மனிதர்கள் ஆயுதத்தைக் கீழே வைக்கிறார்கள்.

பிறகு 2024இல் ‘ஆர்க்’ வந்தான், 2025இல் ‘ஒமேகா’. கைஜூ என்றால் என்னவென்றே அறியாத உலகத்தில், நினைவிழந்து விழுந்த வேற்றுக்கோளியாகத் தொடங்குகிறான் ஒமேகா. சோறும் தெருவும் மனிதர்களும் அவனுக்குப் புதிது. 1966இல் வந்தவனுக்கு அதிகம் பேச வாய்ப்புத் தராமல் விட்ட இடம் அது.