மூன்று கோபெக்

டால்ஸ்டாயின் ‘அன்பு உள்ள இடத்தில் கடவுள்’ (1885) கதையின் கடைசிப் பக்கத்தோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

செருப்புத் தைக்கும் மார்ட்டின் நிலவறையில் குடியிருப்பவன். ஜன்னல் வழியே அவனுக்குத் தெரிவது போகிற வருகிறவர்களின் பூட்ஸ் கால்கள் மட்டும். நாளை வருவதாகக் கிறிஸ்துவின் குரல் சொன்னதாக நினைத்து, தெருவைப் பார்த்தபடியே வேலை செய்கிறான். பனி வாரும் கிழவனுக்குத் தேநீர் கொடுக்கிறான். கைக்குழந்தையோடு குளிரில் நிற்பவளுக்குச் சூப்பும் பழைய கோட்டும் தருகிறான். ஆப்பிள் திருடிய பையனையும் கூடைக்காரக் கிழவியையும் சமாதானப்படுத்துகிறான். இதுவரை மிகையாக ஒரு வார்த்தை இல்லை. ஆனால் இரவில் அவர்கள் எல்லோரும் இருட்டு மூலையில் தோன்றி மறைகிறார்கள். வந்தது கிறிஸ்துவே என்று அவனுக்குத் தெரிவிக்கப்படுகிறது.

மத்தேயு 25ஆம் அதிகாரம்தான் இதற்கு ஆதாரம். ஆனால் அங்கே நீதிமான்களுக்கு உண்மை தெரிவது நியாயத்தீர்ப்பின்போது. அதற்குப் பிறகு அவர்கள் கொடுப்பதற்கு யாரும் இல்லை. யாருக்குச் செய்தோம் என்று அறியாத அவர்களுடைய திகைப்பில்தான் அந்தப் பகுதியின் வலு இருக்கிறது. டால்ஸ்டாய் அதை அன்றிரவே உடைத்துவிடுகிறார். மறுநாள் ஜன்னலில் தெரியும் காலை மார்ட்டின் எப்படிப் பார்ப்பான்? இனி எந்தக் கிழவனும் அவனுக்கு வெறும் கிழவனாக இருக்க முடியாது. ஏழை ஒரு முகமூடியாகிவிடுகிறான்.

டால்ஸ்டாய்க்கு இந்தச் சிக்கல் தெரியாததல்ல. 1882 மாஸ்கோ ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் பங்கெடுத்துச் சேரிகளுக்குள் போனவர் அவர். ஏழைகளுக்கென்று கையில் மிஞ்சிய 37 ரூபிளை யாருக்குக் கொடுப்பதென்று திண்டாடியதை, 1886இல் முடித்த ‘நாம் என்ன செய்ய வேண்டும்?’ என்ற நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதே நூலில், தன்னோடு விறகு அறுத்த செமியோன் என்ற குடியானவனைப் பற்றிச் சொல்கிறார். வழியில் ஒரு கிழவன் பிச்சை கேட்கிறான். டால்ஸ்டாய் 20 கோபெக் போடுகிறார். செமியோன் 3 கோபெக் நாணயத்தைக் கொடுத்துவிட்டு 2 கோபெக் சில்லறை கேட்கிறான். கிழவனிடம் சரியான சில்லறை இல்லை. செமியோன் ஒரு கணம் தயங்குகிறான். பிறகு தொப்பியைக் கழற்றிச் சிலுவையிட்டுக்கொண்டு, மூன்றையும் விட்டுவிட்டு நடக்கிறான்.

அவனுடைய சேமிப்பு ஆறரை ரூபிள். டால்ஸ்டாயின் சொத்து 6 லட்சம். அவனுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டுமானால் தான் 3,000 ரூபிள் கொடுத்து 2,000 மீதி கேட்டிருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார். கணக்கு அவருடையது. சிலுவைக்குறி செமியோனுடையது. அதற்கு விளக்கம் எதுவும் இல்லை. குரல் கேட்பதில்லை, மூலையில் யாரும் தோன்றுவதில்லை. சில்லறை கேட்கிற சாதாரணக் கருமித்தனம்கூட அங்கே இருக்கிறது. அதனாலேயே அந்த ஈகையை நம்ப முடிகிறது.

உபதேச நூலில் கலைஞனாகவும் கதையில் உபதேசியாகவும் டால்ஸ்டாய் இடம் மாறி நிற்கிறார். கதை, பாமர வாசகனுக்காக மலிவுப் பிரசுரமாக வந்தது என்று சமாதானம் சொல்லலாம். அந்தப் பாமரன் செமியோன்தானே? அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

விசுவாசம் உள்ள கலைஞன் கடவுளைக் காட்டாமல் விடுவது அவிசுவாசம் ஆகாது. மார்ட்டின் விளக்கை அணைத்துவிட்டு, கிறிஸ்து வரவில்லை என்ற ஏமாற்றத்தோடு படுத்திருந்தால், மறுநாளும் அவன் ஜன்னலருகே உட்கார்ந்திருப்பான் என்று நான் நம்பியிருப்பேன்.